பம்பஸ் வாங்கக் காசில்லையா? வெட்கத்தை விட்டு டொக்டரிடம் கேளுங்கள்



இந்த முறை பாடம் கொஞ்சம் கூச்சமான விஷயம். சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போவது பற்றியது. வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால், படுக்கையில் ஒருவர் இருந்தால், செல் பட்டு முதுகு பழுதுபட்ட ஒருவர் இருந்தால், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கஷ்டப்படும் ஒரு தாய் இருந்தால், அவர்களுக்காக இதைக் கடைசிவரை வாசியுங்கள். கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கும் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெரியவர்களின் பம்பஸ் இத்தாலியில் கடையில் மட்டும் கிடைக்கும் சாமான் அல்ல. நாட்பட்ட, கடுமையான வருத்தம் என்று டொக்டர் எழுதித் தந்தால் அது மருந்து மாதிரி அரசாங்கமே கொடுக்கும் ஒரு பொருள். இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் சாப்பாட்டுக் காசை எடுத்து அதை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஒரு வீட்டில் நடந்தது

பலெர்மோவில் பல்லாரோ சந்தைக்குக் கிட்ட ஒரு அறையில் ஒரு மகளும் தாயும் இருந்தார்கள். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. இரண்டு பேரும் அகதித் தஞ்சம் கேட்டவர்கள். மகள் ஒரு இத்தாலியப் பாட்டியைப் பார்க்கும் வேலைக்குப் போவா. அந்த நொன்னாவைக் குளிப்பாட்டுவது, பம்பஸ் மாற்றுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் அவதான். நொன்னாவின் வீட்டுக்குக் குறிப்பிட்ட நாளில் ஒருவர் பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவார். மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி அலுமாரியில் அடுக்குவா.

பின்னேரம் வேலை முடிந்து வரும்போது தன் தாய்க்கு சுப்பர்மார்க்கெட்டில் ஒரு பொதி வாங்கிக்கொண்டு வருவா. காசு இல்லாத நாளில் பழைய துணிதான். தாய்க்கு இது தெரியும். மகளின் காசு போகிறதே என்று நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டா. கேட்டால், "தாகம் இல்லை பிள்ளை" என்பா. ஒரு கிழமை கடும் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரில் கிருமி என்றார்கள். அங்கேயிருந்த தாதி மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அம்மாவுக்குப் பன்னொலோனே யார் தருகிறார்கள்?" மகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாராவது தருவார்கள் என்ற யோசனையே அவவுக்கு அதுவரை வரவில்லை.

நொன்னாவின் வீட்டுக்கு வந்த பெட்டி நொன்னாவின் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கியது அல்ல. சுகாதார அலுவலகம் அனுப்பியது. அதே அலுவலகத்தில் மகளின் தாயும் பதிவு செய்யப்பட்டிருந்தா. ஒருவரும் கேட்கவில்லை, அதனால் பெட்டி வரவில்லை. அவ்வளவுதான்.

எங்கட சனம் 1980களில் இருந்து பலெர்மோவில் இருக்கிறது. இந்த ஊரின் வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிப் பார்த்தவர்களில் எங்கள் ஆட்களும் நிறையப் பேர். மற்றவர்களின் தாய்க்கு எது வருகிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கட தாய்க்கும் அது வரலாம் என்பதுதான் தெரியாமல் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

இத்தாலியின் தேசிய சுகாதார சேவை 1978ஆம் ஆண்டின் 833ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அந்தச் சேவை எதை எதைக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்ற பட்டியல் 2017 ஜனவரி 12ஆம் திகதிய பிரதமர் ஆணையில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு ஒருமுறை பாவித்து எறியும் மருத்துவப் பொருட்களைப் பற்றியது. யார் யாருக்கு என்றால்:

- கடுமையான, நாட்பட்ட சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடின்மை உள்ளவர்கள்
- பாரிய நாட்பட்ட வருத்தத்தால் படுக்கையிலேயே இருக்கிறவர்கள்
- நிரந்தரமாகக் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கவேண்டியவர்கள்
- வயிற்றில் துவாரம் வைத்துப் பை கட்டியிருப்பவர்கள்

பம்பஸ், கட்டிலில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு, குழாய், சிறுநீர்ப் பை எல்லாம் இதற்குள் வரும். உங்களுக்கு இது தேவை என்று விசேட வைத்தியர் ஒருவர் எழுதித் தரவேண்டும். அதுதான் பிரதான நிபந்தனை.

பழைய ஆட்கள் சிலர், "முதலில் இன்வாலிடித்தா எடுக்கவேணும், அதுக்கு வருஷக்கணக்காகும்" என்று சொல்லுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டு வந்த பழைய விதியின்படி பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 2017க்குப் பிறகு இந்தப் பொருட்களுக்கு விசேட வைத்தியரின் சான்றிதழே அடிப்படை. அங்கவீன விண்ணப்பம் வேறு விஷயம். அதையும் போடலாம், ஆனால் அதன் முடிவு வரும்வரை பம்பஸுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. யாராவது கவுண்டரில் அதைக் கேட்டால், "டி-பி-சி-எம் 12 ஜென்னாயோ 2017, ஆர்த்திகோலோ 11" என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்து மரியாதையாகக் காட்டுங்கள்.

உங்கள் கையில் என்ன கடுதாசி இருக்கிறது?

அகதித் தஞ்சம் கேட்டவர் தேசிய சுகாதார சேவையில் பதியப்படவேண்டும். இது 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கக் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் இருக்கிறது. சலுகை அல்ல, கட்டாயப் பதிவு. குவெஸ்தூராவில் விண்ணப்பம் பதிந்த துண்டு அல்லது சொஜோர்னோ, கொடிச்சே பிஸ்காலே, இருக்கும் விலாசம் ஆகியவற்றோடு உங்கள் பகுதிக்குரிய ஆஸ்ப் அலுவலகத்துக்குப் போங்கள். ஆஸ்ப் என்பது மாகாண சுகாதார அலுவலகம். அங்கே குடும்ப வைத்தியர் ஒருவரைத் தெரிவு செய்வீர்கள். அவர்தான் மெடிக்கோ டி பாசே. குழந்தைகளுக்குப் பெடியாத்ரா.

குவெஸ்தூராவில் இன்னும் பதிவு முடியாதவர்களும், எந்தக் கடுதாசியும் இல்லாதவர்களும் பயப்படத் தேவையில்லை. எஸ்-தி-பி என்று ஒரு இலக்கம் தருவார்கள். 6 மாதம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். காசு வசதி இல்லை என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அவசர சிகிச்சையும் அவசியமான சிகிச்சையும் இதில் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. சொஜோர்னோ இல்லாத 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் சுகாதார சேவையில் முழுமையாகப் பதியவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிசுக்குச் சொல்லுவார்களோ என்று சிலர் யோசிப்பார்கள். வைத்தியம் கேட்டு வந்தவரைப் பற்றிப் பொலிசுக்கு அறிவிக்கக்கூடாது என்று அதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டப்படி வைத்தியர்கள் அறிவித்தே ஆகவேண்டிய சில விசேட சந்தர்ப்பங்கள் மட்டும் வேறு. அவை இத்தாலியர்களுக்கும் பொருந்தும்.

பெட்டி வீட்டுக்கு வர ஐந்து படிகள்

1. குறித்து வையுங்கள். மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை தரம் நனைகிறது, இரவில் எத்தனை தரம், இருமும்போதா, கழிப்பறைக்குப் போகும் வழியிலா, அல்லது தெரியாமலேயே போகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது பம்பஸ் மாற்றுகிறீர்கள். டொக்டர் கேட்கும் கேள்விகள் இவைதான். பாஷை தெரியாவிட்டாலும் அந்தக் கணக்கு உங்களுக்காகப் பேசும்.

2. குடும்ப வைத்தியரிடம் போங்கள். "வயசு போனால் இப்படித்தான்" என்று நீங்களே முடிவு எடுக்காதீர்கள். அவர் விசேட வைத்தியரிடம் போக ரிச்சேத்தா எழுதுவார். ஆண்களுக்கு உரோலொகோ, பெண்களுக்கு உரோலொகோ அல்லது ஜினெக்கொலொகோ, முதியவர்களுக்கு ஜெரியாத்ரா, நரம்பு அல்லது முதுகுப் பிரச்சினைக்கு நெவ்ரோலொகோ அல்லது பிசியாத்ரா. துண்டில் ஒரு எழுத்து இருக்கும், பாருங்கள். யூ என்றால் 72 மணித்தியாலம், பி என்றால் 10 நாள், டி என்றால் 30 நாள், இத்தாலியில் 'பி' என்று வாசிக்கும் ஆங்கிலப் 'பீ' எழுத்து என்றால் 120 நாள். இரண்டு 'பி'யும் குழப்பும். அதனால் எத்தனை நாளுக்குள் என்று டொக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

3. விசேட வைத்தியரிடம் சான்றிதழும் மருந்துச்சீட்டும் சேர்த்துக் கேளுங்கள். சும்மா "இன்கொன்தினென்சா" என்று மட்டும் எழுதினால் போதாது. "கடுமையான, நாட்பட்ட" என்ற கருத்து அதில் இருக்கவேண்டும். எந்த வகை, என்ன அளவு, மாதம் எத்தனை என்பதும் இருக்கவேண்டும். நடமாடுகிறவருக்கு உள்ளாடை போல இழுத்துப் போடும் வகை இலேசு. படுக்கையில் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒட்டும் வகை இலேசு. இடுப்பை முன்னமே அளந்து கொண்டுபோங்கள். இரவுக்குக் கூட உறிஞ்சும் வகை தேவையா என்று கேளுங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்ச எண்ணிக்கை உண்டு. அதனால் சரியான வகை எழுதப்பட்டால்தான் அது மாதம் முழுக்கக் காணும்.

4. சான்றிதழை ஆஸ்ப் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். கேட்கவேண்டிய பகுதியின் பெயர் "அசிஸ்தென்சா புரொத்தேசிகா". கொண்டுபோகவேண்டியவை: சான்றிதழும் சீட்டும், தெசேரா சனித்தாரியா, கொடிச்சே பிஸ்காலே, சொஜோர்னோ அல்லது துண்டு, சரியான விலாசம், வேலை செய்யும் தொலைபேசி இலக்கம். நோயாளி வரமுடியாவிட்டால் "தெலேகா" என்ற அதிகாரக் கடிதம் ஒன்று எழுதி, இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் இணைத்து நீங்கள் போகலாம். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். கொடுத்த திகதியோடு ஒரு முத்திரைத் துண்டு கேட்டு வாங்குங்கள்.

5. வந்த பிறகு கவனிக்கவேண்டியவை. பெட்டி வந்த அன்றே எண்ணிப் பாருங்கள். அளவு பிழை என்றால் பொதியை உடைக்காமல் அறிவியுங்கள். சீட்டுக்கு முடிவுத் திகதி உண்டு. அதைக் கலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்னமே புதுப்பிக்கத் தொடங்குங்கள். சொஜோர்னோ முடியும்போது சுகாதாரப் பதிவும் முடிந்ததாகக் கணினியில் காட்டும், பெட்டியும் நின்றுவிடும். புதுப்பிக்கக் கொடுத்த துண்டை உடனே ஆஸ்ப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும் காலத்திலும் உங்கள் உரிமை தொடரும். வீடு மாறினால் விலாசம் மாற்ற மறக்காதீர்கள். எங்கட ஆட்கள் அடிக்கடி அறை மாறுகிறவர்கள். பெட்டி பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிடும்.

விசேட வைத்தியரைப் பார்க்க ரிக்கெற் என்ற கட்டணம் உண்டு. வேலை இல்லாதவர், வருமானம் குறைந்தவர் ஆகியோருக்கு விலக்கு இருக்கிறது. நாள் பதியும் முன்னமே ஆஸ்ப்பில் "எசென்சியோனே" கேட்டு அதன் இலக்கத்தைச் சீட்டில் போடச் சொல்லுங்கள். கட்டிய பிறகு திருப்பி வாங்குவது பெரும் பாடு.

சொல்லப் பழகவேண்டிய நாலு வசனம்

- மியா மாத்ரே பெர்தே லூரினா: என் அம்மாவுக்குச் சிறுநீர் தானாகப் போகிறது.
- நோன் ரியெஸ்கோ அ திரத்தெனேரே லூரினா: எனக்குச் சிறுநீர் அடக்க முடியவில்லை.
- ஆப்பியாமோ பிசோன்யோ தி பன்னொலோனி: எங்களுக்குப் பெரியவர்களின் பம்பஸ் தேவை.
- வொர்ரெய் ஊனா தொத்தொரேஸ்ஸா: எனக்குப் பெண் டொக்டர் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இந்த விஷயத்துக்குப் பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்து வயதுப் பேரனுக்கு முன்னால் எந்த அம்மம்மா தன் பிரச்சினையைத் திறந்து கதைப்பா? பாதியை விழுங்கிவிடுவா. "மெதியாத்தோரே" என்ற மொழி உதவியாளரைக் கேளுங்கள், அல்லது பெண்ணுக்குப் பெண் துணையாகப் போங்கள்.

பெட்டி வரும்வரை என்ன செய்வது?

டொக்டர், விசேட வைத்தியர், அலுவலகம் என்று எல்லாம் முடிய வாரங்கள் ஆகலாம். அதுவரை:

- வரவேற்பு முகாமில் இருந்தால் முதலில் முகாம் பொறுப்பாளரிடம் கேளுங்கள். சுகாதாரப் பொருட்கள் கொடுப்பது அவர்கள் எடுத்த ஒப்பந்த வேலையில் ஒன்று. வாயால் கேட்டுப் பதில் இல்லையென்றால் எழுதிக் கொடுத்துப் பிரதி வையுங்கள். முகாமில் தரும் கைச்செலவுக் காசு தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.50 யூரோ. மாதம் 75 யூரோ. ஒரு நாளைக்கு நாலு பம்பஸ் என்றால் மாதம் 120. அந்தக் காசில் இதைச் சமாளிக்க முயன்றால் வேறொன்றுக்கும் மிஞ்சாது.

- வெளியில் இருந்தால் உங்கள் பகுதித் தேவாலயத்தில் காரித்தாஸின் "சென்ரோ தஸ்கோல்தோ" எப்போது திறக்கிறது என்று விசாரியுங்கள். சைவரோ வேதக்காரரோ என்று பார்க்கமாட்டார்கள். பல்லாரோப் பக்கம் சென்ரோ அஸ்தாலியும், அல்பெர்கெரியாவில் சலேசியன் சபையின் சாந்தா கியாராவும் வெளிநாட்டவர்களுக்கு நீண்டகாலமாக உதவி செய்யும் இடங்கள். பம்பஸ் எப்போதும் இருப்பில் இருக்கும் என்று சொல்லமுடியாது. அளவைச் சொல்லி, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். படுத்த படுக்கையாக இருந்தவர் இறந்தபின் மிஞ்சிய பொதிகளைக் குடும்பங்கள் இப்படியான இடங்களுக்குக் கொடுப்பது வழக்கம்.

- நகரசபையின் சமூக சேவை அலுவலகம். பலெர்மோ நகரம் 8 சிர்கொஸ்கிரிசியோனே ஆகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பகுதியின் "அசிஸ்தெந்தே சொச்சியாலே" யார் என்று கேட்டுச் சந்தியுங்கள்.

- துணி பாவிப்பதில் குறைவு ஒன்றுமில்லை. பழைய பருத்தி வேட்டி, சேலையை நாலாக மடித்து வைக்கலாம். சூடான தண்ணியில் தோய்த்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு திரும்பப் பாவிக்கக்கூடாது. கட்டிலுக்கு மேல் பிளாஸ்டிக் விரித்து அதற்கு மேல் துணி. பிளாஸ்டிக் நேரடியாகத் தோலில் படக்கூடாது.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லவேண்டும். வேலை செய்யும் வீட்டில் இருந்து இரண்டு பம்பஸ் எடுத்து வருவது. அவை எண்ணி வருபவை. இரண்டு பம்பஸுக்காக வேலையும் நம்பிக்கையும் போய்விடும். மாறாக, நொன்னாவின் மகளிடமே கேளுங்கள்: "சின்யோரா, உங்கள் அம்மாவுக்கு இதை எந்த அலுவலகத்தில் எடுத்தீர்கள்?" அந்த வழியெல்லாம் நடந்து பார்த்தவர் அவர்.

குழந்தைகளின் பம்பஸ்

இது வேறு கணக்கு. சுகமான குழந்தையின் பம்பஸைச் சுகாதார சேவை தராது. வளர்ந்தும் கட்டுப்பாடு வராத, உடல் அல்லது மூளை வளர்ச்சிப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு மேலே சொன்ன சட்டம் பொருந்தும். அதைப் பெடியாத்ராவிடம் சொல்லிச் சான்றிதழ் எடுங்கள்.

மற்றக் குழந்தைகளுக்கு முகாம், காரித்தாஸ், "சென்ரோ தி ஆயுத்தோ அல்லா வீத்தா" என்ற தாய் சேய் உதவி நிலையம், சமூக சேவை அலுவலகம் ஆகிய இடங்களில் கேட்கவேண்டும். ஆஸ்ப்பின் "கொன்சுல்தோரியோ" என்ற தாய் சேய் நிலையத்தில் ஆலோசனை இலவசம். ஒவ்வொரு நவம்பரிலும், சிறுவர் உரிமை நாளான 20ஆம் திகதியை ஒட்டி, மருந்துக்கடைகளில் குழந்தைச் சாமான் சேகரிப்பு நடக்கும். அதில் சேர்பவை உதவி நிலையங்களுக்குப் போகும். அந்த நேரத்தில் போய்க் கேட்பது நல்லது.

அகதி அந்தஸ்து அல்லது துணைப் பாதுகாப்பு கிடைத்தவர்களுக்குக் கூடுதல் வழி திறக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய "அசேன்யோ உனிக்கோ" என்ற பிள்ளைக் கொடுப்பனவும், நகரசபை மூலம் எடுக்கும் தாய்மைக் கொடுப்பனவும் உண்டு. தாய்மைக் கொடுப்பனவு 5 மாதத்துக்கு, மாதம் சுமார் 400 யூரோ. பிள்ளை பிறந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தவறவிட்டால் போனதுதான். பத்ரொனாத்தோவில் இலவசமாக நிரப்பித் தருவார்கள்.

பம்பஸ் மிச்சம் பிடிக்கிறேன் என்று நனைந்ததையே வைத்திருக்காதீர்கள். குண்டி சிவந்து புண்ணானால் களிம்புக்கும் மருந்துக்கும் போகும் காசு அதிகம். வீட்டில் இருக்கும் நேரம் துணி, வெளியே போகும்போதும் இரவிலும் பம்பஸ் என்று பிரித்துப் பாவித்தால் செலவு பாதியாகக் குறையும்.

தண்ணியை நிறுத்தாதீர்கள்

அந்தத் தாய் செய்த பிழையை நிறையப் பேர் செய்கிறார்கள். தண்ணி குறைந்தால் சிறுநீர் கடுமையாகி, பை இன்னும் எரிச்சல்பட்டு, அடிக்கடி போகும். கிருமியும் இலேசில் பிடிக்கும். மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்தால் சிறுநீரை அடக்குவது இன்னும் கஷ்டம். பகலில் வழமைபோல் குடிக்கவேண்டும். படுக்கப்போக இரண்டு மணித்தியாலம் முன்னம் மட்டும் குறைக்கலாம். தேத்தண்ணி, கோப்பியைக் குறைத்துப் பாருங்கள். இருதய அல்லது சிறுநீரக வருத்தத்துக்காகத் தண்ணி அளவு சொல்லப்பட்டவர்கள் டொக்டர் சொன்னபடி குடிக்கவேண்டும்.

தோலைப் பாருங்கள். ஒவ்வொரு தரம் மாற்றும்போதும் முன்னால் இருந்து பின்னால் கழுவி, ஒற்றித் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். நாரியிலோ குதிக்காலிலோ சிவப்பு மாறாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அன்றே டொக்டருக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்த வருத்தம் பலருக்குக் குணமாகும். சிறுநீர்க் கிருமி, கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம், புரொஸ்டேட் வீக்கம், கர்ப்பப்பை இறக்கம், சில குளிசைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சியே நல்ல பலன் தரும். இத்தாலியில் ஒவ்வொரு ஜூன் 28ஆம் திகதியும் இந்த வருத்தத்துக்கான தேசிய நாள். இத்தாலியர்களும் வெட்கப்பட்டு மறைத்ததால்தான் அப்படியொரு நாள் வைக்கவேண்டி வந்தது.

திடீரென்று கட்டுப்பாடு போய், அதோடு கால் பலவீனம் அல்லது தொடைக்கு நடுவில் விறைப்பு இருந்தால், அல்லது காய்ச்சலோடு நடுக்கம், குழப்பமான பேச்சு வந்தால் காத்திருக்கவேண்டாம். 112க்கு அடியுங்கள்.

உங்கள் வழக்குக்கும் இது முக்கியம்

வரவேற்பு நிபந்தனைகள் பற்றிய 2015ஆம் ஆண்டின் 142ஆம் இலக்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பலவீன நிலையில் உள்ளவர்கள் யார் என்று சொல்கிறது. முதியவர், அங்கவீனர், கர்ப்பிணி, பிள்ளையோடு தனியே இருக்கும் தாய் அல்லது தகப்பன், கடும் வருத்தக்காரர், சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ளானவர் ஆகியோர் அதில் வருகிறார்கள். அவர்களின் விசேட தேவையைப் பார்த்து இடமும் உதவியும் கொடுக்கவேண்டும். மேல் கட்டிலில் படுக்கவிடப்பட்டவரை, கழிப்பறை தூரமான அறையில் இருப்பவரை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை இதில் இருந்துதான் வருகிறது.

சித்திரவதையாலோ யுத்தக் காயத்தாலோ இந்தப் பிரச்சினை வந்தவர்கள் டொக்டரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். அந்த மருத்துவ அறிக்கையைக் கொமிசியோனே நேர்முகத்தில் கொடுக்கலாம். அதுபற்றி உங்கள் சட்ட ஆலோசகரோடு முன்னமே கதையுங்கள். நேர்முகத்தில் இடைவேளை கேட்கலாம். பெண்கள், விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பாளரும் பெண்ணாக இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். நனைந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாகப் பதில் சொல்லி முக்கியமானதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கேள்விகள் சில

"இதைக் கேட்டால் எங்கட வழக்கைப் பாதிக்குமா?" பாதிக்காது. சுகாதார சேவை வேறு, கொமிசியோனே வேறு. அரசாங்கத்துக்குச் செலவு வைத்தவர் என்று யாரையும் மறுப்பதில்லை.

"டொக்டர் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார், என்ன செய்ய?" அந்தக் கொப்பிக் கணக்கோடு திரும்பப் போங்கள். அப்படியும் கேட்காவிட்டால் ஆஸ்ப்பில் வேறு குடும்ப வைத்தியரை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

"வந்த பம்பஸ் மிஞ்சினால் விற்கலாமா?" கூடாது. எண்ணிக்கை கூட என்றால் சீட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

"தெரிந்த ஒருவர் காசு தந்தால் எல்லாம் செய்து தாறன் என்கிறார்." கொடுக்காதீர்கள். இதில் எந்தப் படிக்கும் தரகர் தேவையில்லை.

கடைசியாக ஒன்று

ஞாயிற்றுக்கிழமை விடிய மொன்தே பெல்லக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவிடம் ஏறிப்போகும் எங்கட சனத்தில் சைவரும் இருக்கிறார்கள், வேதக்காரரும் இருக்கிறார்கள். அங்கே ஏறும் வயதான அம்மாமார் சிலர், "பஸ்ஸில் அவ்வளவு நேரம் இருக்கேலாது" என்று சொல்லி வருவதை மெல்ல மெல்ல நிறுத்திவிடுவார்கள். கோயிலுக்கும் வரமாட்டார்கள், கலியாண வீட்டுக்கும் வரமாட்டார்கள். கால் வருத்தம் என்பார்கள். அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தால், தனியாக இருக்கும் நேரம் பார்த்து மெதுவாகக் கேளுங்கள்.

நாங்கள் மேலே சொன்ன தாய்க்கு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு சான்றிதழ் எடுத்துக் கொடுத்தோம். முதல் பெட்டி வந்த அன்று மகள் வேலையில். தாய்தான் கதவைத் திறந்து, தமிழில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கினா. அன்று இரவு படுக்க முன்னம் ஒரு கோப்பை தண்ணி கேட்டாவாம்.

இந்தப் பக்கத்தை வெட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவையில்லாவிட்டால் தேவையான ஒருவருக்குக் கொடுங்கள். கடுதாசி நிரப்பவோ துணைக்கு வரவோ ஆள் தேவை என்றால் தயங்காமல் எங்களிடம் வாருங்கள்.